கருவி செய்வோரும் கருவி காப்போரும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலே, ஹூஸ்டன் நகரத்து ரைஸ் சர்வகலாசாலையில் இளநிலைப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்கள் தங்கள் பிரதான பாடத்தோடு சேர்த்துக் கற்கத்தக்கதாக, உலக சுகாதாரத் தொழில்நுட்பம் என்றொரு துணைப்பாடம் வைத்திருக்கிறார்கள். பொறியியல் கற்பவரும், சமூகவியல் கற்பவரும், வைத்தியக் கல்லூரிக்குள் நுழையக் காத்திருப்பவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, மின்சாரம் எந்த நேரத்தில் நின்றுபோகும் என்று சொல்ல முடியாததும், தாதியர் தொகை குறைந்ததும், பணமோ அதனினும் குறைந்ததுமான ஓர் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய உபகரணத்தைத் தாமே சிந்தித்து, வரைந்து, அறுத்து, ஒட்டி, இயக்கிப் பார்த்து, பிழை கண்ட இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அப்பாடத்தின் முறை. கோடை விடுமுறையில் அவர்களிற் சிலர் தாம் செய்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் சென்று, அதைக் கையாளப் போகிற வைத்தியரிடமும் தாதியரிடமும் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு வருகிறார்கள். படித்து, எழுதி, மதிப்பெண் பெற்று, மறந்துவிடுவதே கல்வி என்று ஆகிவிட்ட காலத்தில் இப்படியொரு பாடம் நடக்கிறதென்று அறிந்த நாள் முதல் அதன்மேல் எனக்கு உண்டான மதிப்பு இன்றளவும் குறையவில்லை. ஆயினும் அம்மதிப்புக்கு நிகராக ஒரு கவலையும் என்னுள் வளர்ந்திருப்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

மதிப்புக்குரிய விஷயம் முதலில். மின்சாரமில்லாத கிராமத்தில் ரத்தசோகையைக் கண்டறிவது எப்படி என்பது 2010-ஆம் ஆண்டில் அங்கே இரு மாணவியர் எடுத்துக்கொண்ட வினா. ரத்தத்தை மெல்லிய குழாயில் ஏற்றி வேகமாகச் சுழற்றினால் கனமான சிவப்பணுக்கள் ஒருபுறம் ஒதுங்க, தெளிந்த நீர் மறுபுறம் நிற்கும்; சிவப்பணுக்கள் குழாயில் எத்தனை பங்கு என்று அளந்தால் சோகை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்; ஆனால் அப்படிச் சுழற்றுகிற யந்திரமோ விலையுயர்ந்தது, மின்சாரமின்றி ஓடாதது. மேல்நாட்டுச் சமையலறைகளில், அலசிய கீரையிலிருந்து நீரை வடிப்பதற்கென்று, மூடியிலுள்ள குமிழை அமுக்கினால் உள்ளே கூடை சுழலும்படி அமைந்த பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று உண்டு. அம்மாணவியர் அந்தப் பாத்திரத்தை எடுத்து, பிளாஸ்டிக் மூடிகளையும் நறுக்கிய சீப்புத் துண்டுகளையும் தயிர் விற்கும் சிறு கிண்ணங்களையும் சூடான பசையால் உள்ளே ஒட்டிக் குழாய்கள் நகராமல் நிற்க இடமமைத்து, பத்து நிமிஷம் கையால் அமுக்கினால் ஏறத்தாழ 30 குழாய்களின் ரத்தம் ஒரே தடவையில் பிரிந்துவிடும்படி செய்து முடித்தார்கள். அதற்கு ஆன செலவு சுமார் 30 டாலர். அந்தக் கோடையிலேயே அது எக்வடாருக்கும் ஸ்வாசிலாந்துக்கும் மலாவிக்கும் பயணம் போயிற்று.

இதனினும் பெரியது, பிறந்த சிசுவின் சுவாசத்துக்காக அவர்கள் மேற்கொண்ட பிரயத்தனம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில், காற்றுப் பைகளை ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைக்கிற வழுவழுப்பான திரவம் போதிய அளவு சுரந்திருப்பதில்லை; ஆகவே மூச்சை வெளியே விடும்போதெல்லாம் அப்பைகள் சுருங்கி மூடிக்கொள்ள, அடுத்த மூச்சுக்கு அவற்றை மீண்டும் திறப்பதற்கே அந்தச் சின்னஞ்சிறு உடல் தன் பலமனைத்தையும் செலவிட்டு, களைத்து, ஓய்ந்துவிடுகிறது. அதன் நாசியில் மெல்லிய குழலைப் பொருத்தி, பிராணவாயு கலந்த காற்றை இடைவிடாத ஓர் அழுத்தத்தில் செலுத்தினால் பைகள் மூடாமல் நிற்கும் என்பதை 1971-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி முதற்கொண்டு வைத்திய உலகம் அறியும். அழுத்தத்தை அளவிடும் உபாயமோ மிக எளியது. வெளிமூச்சுக் குழாயின் நுனியைத் தண்ணீர் நிறைந்த போத்தலுக்குள் ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கி வைத்தால், ஆறு சென்டிமீட்டர் நீரின் அழுத்தம் குழந்தையின் நுரையீரலில் நிலைத்து நிற்கும். போத்தலில் குமிழிகள் எழுந்துகொண்டேயிருந்தால் எல்லாம் சரி. குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது நாசிக்குழல் விலகிவிட்டது என்று, ஒரே இரவில் பல குழந்தைகளைப் பார்க்க வேண்டிய தாதியும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்.

உபாயம் எளிதாயினும் யந்திரத்தின் விலை எளிதாயில்லை. செல்வ நாடுகளில் அது சுமார் 6,000 டாலருக்கு விற்றது. மலாவியோ, நூறு பிரசவங்களில் பதினெட்டுக்கு மேல் குறைமாதப் பிரசவமாக நிகழ்ந்து, அந்த விகிதத்தில் 2010-ஆம் ஆண்டின் உலகக் கணக்கில் முதலிடத்தில் நின்ற தேசம். அங்கே பிளான்டயர் நகரத்துக் குயீன் எலிசபெத் மத்திய ஆஸ்பத்திரியின் குழந்தை வைத்தியர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் ரைஸ் மாணவர் குழுவொன்று இவ்வேலையில் இறங்கியது. வண்ணமீன் தொட்டிகளில் காற்றூதும் சிறு பம்புகளை வாங்கி, காலணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியொன்றுக்குள் அடக்கி அவர்கள் செய்த முதல் மாதிரிக்கு இருநூறு டாலர் கூட ஆகவில்லை. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டுப் புமானி என்ற பெயரோடு தொழிற்சாலையில் உருவாகி, பிளான்டயரில் பரீட்சிக்கப்பட்டது. வெறும் பிராணவாயு மட்டும் பெற்ற சிசுக்களில் நூற்றுக்கு 44 பிழைத்த இடத்தில், இந்த யந்திரத்தின் துணை பெற்றவற்றில் 71 பிழைத்தன என்று 2014-இல் வெளியான ஆய்வு சொல்லிற்று. மலாவி அரசின் மத்திய, மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அது பரவியது. இருபத்தோரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பறை வேலையாகத் தொடங்கியது இத்தனை தூரம் வந்தது என்பதைப் படிக்கும்போது எவர்தாம் மனம் நெகிழாமல் இருக்க முடியும்? 2022-ஆம் ஆண்டில் மாத்திரம், பிறந்து 28 நாட்களுக்குள் மடிந்த சிசுக்களின் தொகை உலகெங்கும் 23 லட்சம் என்பதை எண்ணினால், இத்தகைய கல்விக்குச் செலவாகும் ஒவ்வொரு காசும் நற்காசே.

இனி என் கவலை. பம்பு ஓடுகிறது, உள்ளேயுள்ள ரப்பர்த் தகடு நாள்தோறும் லட்சோபலட்சம் முறை அசைந்து தேய்கிறது, காற்றை வடிக்கும் வடிகட்டியில் புழுதி அடைகிறது, நாசிக்குழல் வெடிக்கிறது அல்லது காணாமற் போகிறது, மின்னழுத்தம் திடீரென்று ஏறி ஃப்யூஸ் கருகுகிறது. யந்திரத்தைச் சிருஷ்டித்த மாணவர் அதற்குள் பட்டம் பெற்று வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய படம் சர்வகலாசாலையின் சஞ்சிகையில் வந்தாயிற்று. புதிய மாணவர் குழு புதிய உபகரணம் ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது. வார்டிலே மூச்சுக்குத் தவிக்கும் குழந்தைக்கருகில் நின்றுபோன யந்திரத்தைத் திறந்து பார்ப்பவர் யார்? அவருக்கு அதைக் கற்பித்தவர் யார்? அவர் கையில் மாற்றுத் தகடு இருக்கிறதா? இக்கேள்விகளே இப்பாடத்தின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன்.

இது வீண் அச்சமன்று. 16 நாடுகளின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலிருந்து 1,12,040 உபகரணங்களைக் கணக்கெடுத்து 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அவற்றில் நூற்றுக்கு 38.3 வேலை செய்யாமல் கிடந்தன என்று கண்டார்கள். காரணங்களாக அவர்கள் சொன்னவற்றில் முதன்மையானவை மூன்று: பயிற்சியின்மை, உபகரண நிர்வாகத்தின் குறைபாடு, மின்சாரம் முதலிய அடிப்படை வசதிகளின் குறைபாடு. ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளின் பின்கட்டுகளில், வெயிலிலும் மழையிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் சிசு வெப்பப் பெட்டிகளும், கதவு கழன்ற கிருமிநீக்கக் கொப்பரைகளும், திரை உடைந்த இருதயக் காட்டிகளும் பெரும்பாலும் யாரோ நல்லெண்ணத்தோடு கப்பலேற்றி அனுப்பியவையே. அமெரிக்க வீடுகளில் பாயும் மின்சாரம் 120 வோல்ட், மலாவியில் 230. அமெரிக்காவிலிருந்து வந்த யந்திரத்தை அதற்குரிய மின்மாற்றியில்லாமல் ஒருவர் மலாவியில் சுவரில் செருகினால், அது ஒரு சிசுவுக்கும் உதவாமலே அந்தக் கணத்தில் எரிந்துவிடக்கூடும். பிளக்கின் கால்களும் வேறு, சுவரின் துளைகளும் வேறு என்பதால் செருகுவதற்கே யாரோ கம்பியை வெட்டி முறுக்க வேண்டியிருக்கிறது.

பிராணவாயுவைச் செறிவாக்கும் யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். புமானி போன்ற கருவிக்கு அதுவே உடன்பிறப்பு. அஃதின்றி இதற்கு முழுப் பயன் இல்லை. காற்றிலே ஐந்தில் ஒரு பங்காக உள்ள பிராணவாயுவை, நைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும் ஜியோலைட் என்ற கனிமத் துகள்களினூடே காற்றைச் செலுத்தி, நூற்றுக்குத் தொண்ணூறளவுக்குச் செறிவாக்கித் தருவது அதன் தொழில். அத்துகள்களுக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் காற்றெல்லாம் ஈரமாயிருக்கும் ஊரில், முன்பக்க வடிகட்டியைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, மறுபடி மாட்ட வேண்டும் என்ற சிறு வேலையை வாரந்தோறும் யாரும் செய்யாவிடில், யந்திரம் சூடேறித் திணறி, பிராணவாயுவின் செறிவு படிப்படியாக இறங்குகிறது. யந்திரமோ ஓடுகிறது, சப்தமும் கேட்கிறது, விளக்கும் எரிகிறது. அளக்கும் கருவி ஒன்று அருகில் இல்லையென்றால், குழந்தைக்குப் போவது வெறுங்காற்று என்பதை யாரும் அறிவதில்லை. நின்றுபோன யந்திரத்தைக் காட்டிலும் இதுவே எனக்கு அதிக பயத்தைத் தருகிறது.

இதற்கு மாற்றும் உண்டு, அது கைக்கெட்டாத தூரத்திலும் இல்லை. வளம் குன்றிய 60 ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த 2,849 பழுதுக் கோரிக்கைகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டவர்கள், பழுதானவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, நூற்றுச் சொச்சம் அடிப்படைத் திறமைகளை மட்டும் அறிந்த ஒருவர் மறுபடி இயங்கச் செய்யலாம் என்றும், பெரும்பாலானவற்றுக்கு வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் வரவழைக்கவும் தேவையில்லை என்றும் கண்டார்கள். பற்றவைப்பது, ஃப்யூஸ் மாற்றுவது, குழாய்க் கசிவை அடைப்பது, மோட்டாரைச் சுத்தம் செய்வது, மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது என்ற தரத்து வேலைகள்தாம் அவை. இவ்வேலைகளை அறிந்த டெக்னீஷியனுக்கு ஆஸ்பத்திரியில் நிலக்கீழ் அறையொன்றும், கைவிட்டெண்ணத்தக்க கருவிகளும், அற்பச் சம்பளமும்தாம் பெரும்பாலும் கிடைக்கின்றன. மருந்துக்கு நிதி ஒதுக்குகிற கை, பராமரிப்புக்கு ஒதுக்கும்போது சுருங்கிவிடுகிறது.

இவையெல்லாம் அரசாங்கங்கள் கவனிக்க வேண்டியவை, மாணவர் படிக்கும் துணைப்பாடத்தின்மேல் இச்சுமையை ஏற்றலாகாது என்பாரும், உபகரணத்தைவிடத் தாதியர் தொகையைப் பெருக்குவதே முதற்கடன் என்பாரும் உண்டு. அவ்வபிப்பிராயங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எதைப் பாடமாக வைக்கிறோமோ அதையே மாணவர் கௌரவமாக மதிப்பார்; பரீட்சையில் இடம்பெறாத விஷயம் அவர் மனத்தில் இடம்பெறுவதில்லை. புதியதைப் படைப்பதற்கு மதிப்பெண்ணும் பரிசும் விருதும் வைத்துவிட்டு, பழையதைக் காப்பதற்கு ஒன்றும் வைக்காத பாடத்திட்டத்திலிருந்து வெளிவருகிற இளைஞர், தம்மை அறியாமலே, காப்பதைத் தாழ்ந்த வேலையென்று எண்ணப் பழகிவிடுகிறார்.

ரைஸ் மாணவரே செய்த மற்றொரு சிறுபொருளை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. குழந்தைக்கு வாய்வழி மருந்து கொடுக்கும் ஊசிக்குழலின் வாயில் மாட்டினால், குறித்த அளவுக்கு மேல் மருந்தை இழுக்க முடியாதபடி தடுக்கிற பிளாஸ்டிக் கவ்வி அது. மின்சாரம் இல்லை, பம்பு இல்லை, வடிகட்டி இல்லை. கெடுவதற்கு அதில் ஒன்றுமேயில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் பிள்ளைக்கு மருந்தைப் பிசகாமல் கொடுக்கலாம். புமானியைக் காட்டிலும் இக்கவ்வியையே நான் ஒருபடி உயர்வாக எண்ணுகிறேன் என்றால், அதன் காரணத்தை வாசகர் ஊகித்துக்கொள்வர்.

அந்தச் சர்வகலாசாலையும் அதன் கூட்டாளிகளும் இதை முற்றிலும் உணராதவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. மலாவி, கென்யா, தான்சானியா, நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் 2019-இல் தொடங்கிய சிசு பராமரிப்புப் பெருமுயற்சியில், உபகரணங்களோடு டெக்னீஷியன்களின் பயிற்சிக்கும் இடமளித்திருக்கிறார்கள். பிளான்டயரின் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் தங்கள் ஊரிலேயே பட்டறை அமைத்துக் கருவி செய்கிறார்கள். நம் மதுரையிலும் இதற்கொரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1992-இல் அங்கே கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை மிகக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கிய இயக்கம் ஊரறிந்தது. ஆனால் அதே இயக்கத்தார் கண் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பயிற்சியை நடத்தி, பிற தேசத்து டெக்னீஷியன்களுக்கும் கற்பித்து வருவதை அறிந்தவர் மிகச் சிலரே. வில்லைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பயிற்சிக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

பயிற்சி டெக்னீஷியனுக்கு, படைப்பு பட்டதாரிக்கு என்று பிரித்து வைத்திருப்பதே எனக்கு ஒவ்வாதது. துணைப்பாடம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவமேனும், ஏதேனும் ஓர் ஆஸ்பத்திரியின் பழுதுபார்க்கும் அறையில், அங்குள்ள டெக்னீஷியனையே ஆசிரியராகக் கொண்டு வேலை பார்க்க வேண்டும்; அவர் போடும் மதிப்பெண் பேராசிரியர் போடும் மதிப்பெண்ணுக்குச் சமமாக எண்ணப்பட வேண்டும்; புது உபகரணம் செய்கிறவர், அதன் ஒவ்வொரு பாகமும் எந்த ஊர்க் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற பட்டியலைச் சேர்த்துக் கொடுத்தாலன்றி அவ்வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இத்தகைய பாடமொன்றில் சேர விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தால், கட்டணத்தையும் உத்தியோகத்தையும் பற்றி விசாரிக்கும் கடிதத்திலேயே இன்னொரு கேள்வியையும் எழுதச் சொல்லுங்கள்: ஐந்து வருஷத்துக்கு முன் உங்கள் மாணவர் செய்து கொடுத்த உபகரணங்களில் இன்று எத்தனை ஓடுகின்றன, ஓடாதவற்றைப் பழுதுபார்ப்பவர் யார்?