நெற்கட்டும்செவலில் ஒளிந்திருக்கும் சிவப்பு!

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பூலித்தேவன் பேச்சை எடுத்தால், நெற்கட்டும்செவல் கதையும் கூடவே வந்துவிடும். வரியாக நெல் கட்ட மறுத்ததால் 'நெற்கட்டான்செவல்' ஆனது என்று பெயரின் முன்பாதிக்கு விளக்கம் சொல்வார்கள். பின்பாதியை யாரும் கண்டுகொள்வதில்லை.

செவல் என்றால் செம்மண் நிலம். செவலைக் காளை, செவ்விளநீர், செங்கல், செந்தாமரை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேர் இன்னும் பழையது. தமிழில் 'செம்' என்பது கன்னடத்தில் 'கெம்'. சிவப்புக்கு அங்கே 'கெம்பு'. நம் செவி அவர்களுக்குக் 'கிவி'.

எது முந்தியது? ககரம்தான் என்கிறார்கள் மொழியியலாளர்கள். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் நின்ற பழைய 'க', தமிழில் 'ச' ஆகிவிட்டது. அப்படியானால் கிளியும் கேளும் கெடுவும் ஏன் மாறவில்லை? அடுத்து வரும் ள, ட போன்ற நாமடி ஒலிகள் தடுத்துவிட்டன. விதிவிலக்குக்கும் ஒரு விதி!

இப்படிக் கணக்குப் போட்டு மீட்ட மூலச்சொல்தான் '*கெ'. முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு, 'எந்தக் கல்வெட்டிலும் கிடைக்காதது, ஊகித்து அமைத்தது' என்று பொருள். பர்ரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இந்தச் சொற்களை ஒரே குடும்பமாகச் சேர்த்திருக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1856-ல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் வாழ்ந்தது நெல்லைச் சீமையின் இடையன்குடியில்.

ஐரோப்பாவிலும் இதே வேலை நடந்திருக்கிறது. ஐரிஷ், வெல்ஷ் மொழிகளின் தாயான பழங்கெல்டிக்கில் சிவப்புக்கு '*ரௌடோஸ்' என்று மீட்டிருக்கிறார்கள். ஆண்பாலுக்கு ரௌடோஸ், பெண்பாலுக்கு ரௌடா, வேற்றுமைக்கு வேறு வேறு விகுதிகள். நம் 'செம்' பால் பார்க்காது, பக்கத்து எழுத்தைத்தான் பார்க்கும். மண்ணுக்கு முன் செம், கல்லுக்கு முன் செங், தாமரைக்கு முன் செந், வாழைக்கு முன் செவ், அடிக்கு முன் சே. ஆளைக் குறிக்கும்போது மட்டும்தான் செய்யன், செய்யள் என்று பால் காட்டும்.

'தமிழிலிருந்து பிறந்ததே கன்னடம்' என்று கமல்ஹாசன் 2025-ல் பேசி, 'தக் லைஃப்' கர்நாடகாவில் வெளியாகாமலே போனது நினைவிருக்கும். இந்த ஒரு சொல்லை வைத்தே பார்க்கலாம்: 'கெம்பு' செம்மையிலிருந்து பிறந்திருக்க முடியாது. இரண்டும் ஒரு தாய் மக்கள். இந்த இடத்தில் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம்தான்.

அந்தக் கன்னடச் சொல் நம் வீட்டு நகைப்பெட்டிக்கும் வந்திருக்கிறது. பரதநாட்டிய நகைகளில் சிவப்பாக மின்னும் கெம்புக்கல், அதே கெம்புதான்.