நின்று மீளும் மரபு: கியோத்தோ நகரின் கியோன் திருவிழா

முன்னுரை

தொன்மையான பண்பாட்டு விழாக்களை ஆராயுமிடத்து, இடையறாது நிகழ்ந்து வருதலே மரபின் அளவுகோலாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. இவ்வளவுகோலின்படி, இடையில் நின்ற விழா மரபை இழந்ததாகவும், மீட்கப்பட்ட விழா புதிதாகப் புனையப்பட்டதாகவும் கருதப்படும். ஜப்பானின் கியோத்தோ நகரில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் முழுவதும் நிகழும் கியோன் திருவிழா இக்கருத்தை மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இவ்விழா பலமுறை நின்று மீண்டுள்ளது. அம்மீட்சிக்கு அடிப்படையாக அமைந்தவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் அமைப்பும்

கி.பி. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, அக்கால ஜப்பானிய மாகாணங்களைக் குறிக்கும் 66 ஈட்டிகளை நட்டு வழிபட்டமையே இவ்விழாவின் தொடக்கம் என்பது மரபுவழிச் செய்தி. ‘கியோன்’ என்பது புத்தரோடு தொடர்புடைய ஜேதவனத்தைக் குறிக்கும் சீனப் பெயரின் சுருக்கமாகும். விழாவிற்குரிய ஆலயம் அப்பெயராலேயே வழங்கப்பெற்றது. 1868இல் ஷிந்தோவும் பௌத்தமும் அரசாணையால் பிரிக்கப்பட்டபோது அது யசாக்கா ஆலயம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

விழாவின் சிறப்புக்கூறு ‘யாமா’, ‘ஹோகோ’ எனப்படும் தேர்களின் ஊர்வலமாகும். ஜூலை 17இல் 23 தேர்களும், ஜூலை 24இல் 11 தேர்களும் உலா வருகின்றன. பெரிய ஹோகோ தேர்கள் ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 12 டன் எடையும் கொண்டவை. அவற்றின் மரச்சட்டங்கள் ஆணியின்றிக் கயிற்றால் மட்டுமே பிணைக்கப்படுகின்றன. விழா முடிந்ததும் தேர்கள் பிரிக்கப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் கட்டப்படுகின்றன. இத்தேர்கள் ஆலயத்தின் உடைமைகள் அல்ல. ‘சோ’ எனப்படும் தெருச்சமூகங்களுக்கு உரியவை என்பது இங்குக் கருதத்தக்கது.

இடைநிறுத்தங்களும் மீட்சியும்

1467இல் தொடங்கிய ஓனின் போரில் நகரம் அழிந்தது. விழா 33 ஆண்டுகள் நின்று, 1500இல் மீண்டும் நடைபெற்றது. 1533இல் ஆட்சியாளர் விழாவை நிறுத்த ஆணையிட்டபோது, ஆலயச் சடங்குகள் நடைபெறாவிடினும் தேர் ஊர்வலத்தையேனும் நடத்த வேண்டும் என நகரமக்கள் கோரினர். விழாவின் உரிமை தெருச்சமூகத்தின் கையில் நிலைபெற்றமையை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது.

பின்னர் 1788, 1864 ஆகிய ஆண்டுகளின் பெருந்தீயில் பல தேர்கள் எரிந்தன. 1966இல் இருநாள் ஊர்வலங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2014இல் அவை மீண்டும் பிரிக்கப்பட்டன. 1864இல் எரிந்த ‘ஓஃபுனே ஹோகோ’ என்னும் கப்பல் வடிவத் தேரும் அவ்வாண்டிலேயே ஊர்வலத்திற்குத் திரும்பியது.

‘ஓய்வு’ என்னும் கருத்தாக்கம்

ஊர்வலத்தில் பங்கேற்காத தேர் ‘யசுமியாமா’ எனப்படும். ‘ஓய்வுகொள்ளும் யாமா’ என்பது இதன் பொருள். ‘அழிந்த தேர்’ என்னாது ‘ஓய்வுகொள்ளும் தேர்’ என வழங்குவதே ஒரு பண்பாட்டு நிலைப்பாடு எனலாம். 1826இல் புயல்மழையால் சிதைந்த ‘தாக்கா யாமா’ தேர் மறு ஆண்டு முதல் ஊர்வலத்திலிருந்து விலகியது. எனினும் அதற்குரிய தெருவினர் தேரின் மூன்று தெய்வ உருவங்களைக் காத்து, விழாக்காலத்தில் காட்சிக்கு வைத்து வழிபட்டு வந்தனர். 2019இல் பெட்டி ஒன்றைச் சுமந்து ஊர்வலத்தில் நடந்தனர். 2022இல், 196 ஆண்டுகளுக்குப்பின், புதிதாகக் கட்டப்பட்ட தேர் உலா வந்தது. தேரின் மரம் புதியது. ஆயின் அதனைத் தம்முடையதாகக் கருதிய உணர்வு அறுபடவில்லை.

கொரோனாத் தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஊர்வலம் நடைபெறவில்லை. நோய் தணிக்கத் தோன்றிய விழா நோயாலேயே நின்றது. எனினும் 2021இல், கயிற்றால் பிணைக்கும் நுட்பம் மறக்கப்படலாகாது என்பதற்காகச் சில தேர்கள் கட்டப்பட்டன. ஊர்வலம் நிற்பதைக் காட்டிலும் கைத்திறன் அறுபடுவதே பேரிழப்பு என அச்சமூகம் உணர்ந்திருந்தமையை இது காட்டுகிறது.

இன்றைய நிலை

தேர் ஊர்வலச் சடங்கு 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2016இல் ஜப்பானின் 33 தேர்விழாக்களின் தொகுதியுள் அது இணைக்கப்பட்டது. ஆயினும் பட்டியலில் இடம்பெறுதல் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. நகர மையத்தின் பழைய மரவீடுகள் இருந்த இடங்களில் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்துள்ளன. சில தெருக்களில் நிலையாக வாழும் குடும்பங்கள் மிகச் சிலவே. தேரிழுக்க வெளியிலிருந்து தன்னார்வலர்கள் வருகின்றனர். போரையும் தீயையும் கடந்த விழாவிற்கு, அதனைத் தாங்கும் குடியிருப்பு கரைந்துவருவதே இன்றைய அறைகூவலாகும்.

முடிவுரை

கியோன் திருவிழாவின் தொடர்ச்சி அதன் ஊர்வலங்களின் எண்ணிக்கையில் இல்லை. விழா நின்ற காலத்திலும் பொருளையும் நுட்பத்தையும் உரிமையுணர்வையும் காத்த தெருச்சமூகத்திடம் உள்ளது. ஆகவே, விழா மரபுகளை ஆராய்வோர் அவை நிகழ்ந்த ஆண்டுகளை மட்டுமன்றி, நிகழாத ஆண்டுகளில் அவற்றைக் காத்தவர் யாவர், காத்தவை யாவை என்பவற்றையும் தரவுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.