கூரையில் தொடங்குங்கள்

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமான மே மாதங்களோடு ஒப்பிட்டால், அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. வெள்ளம் வந்தால் ஊரே பார்க்கும். வெக்கையில் போகும் உயிர், வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது.

அந்த நகரம் சும்மா இருக்கவில்லை. தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தை 2013இல் கொண்டுவந்தது. அனல் கூடும் முன்பே எச்சரிக்கை, குடிநீர்ப் பந்தல், மருத்துவர்களுக்குப் பயிற்சி என்று பலவும் அதில் உண்டு. வீடு கட்டித் தரும் தொழிலில் இருக்கும் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது கூரை.

அங்கே ஒரு பொது மருத்துவமனையில் மகப்பேறு வார்டு மேல்மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்குப் போகும் பச்சிளம் குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. மாறியது மாடி மட்டுமே.

காரணம் எளிது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி, ராத்திரி முழுக்க அறைக்குள் இறக்குகிறது. தகரக் கூரையோ உச்சி வெயிலில் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காய்கிறது. இரவிலாவது உடம்பு குளிர்ந்தால்தான் அடுத்த நாள் வெயிலைத் தாங்கும். அந்த இரவையே கூரை பறித்துக்கொள்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். உள்ளே சில டிகிரி குறையும். அகமதாபாத் தன் குடிசைப் பகுதிகளில் செய்தது இதைத்தான். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும்.

அடுத்தது தெரு. அதே ஊரின் பழைய நகரத்தில் ‘போள்’ என்ற குடியிருப்புகள் உண்டு. சந்து குறுகல், வீடுகள் உயரம். ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் விழும். வீட்டின் நடுவே முற்றம், அதன் அடியில் மழைநீர்த் தொட்டி. நிழலில் நிற்பவருக்கும் வெயிலில் நிற்பவருக்கும் காற்றின் வெப்பம் ஒன்றுதான். ஆனால் சூரியனும் சுட்ட தார்ச்சாலையும் உடம்பின் மேல் பாய்ச்சும் அனல் நிழலில் வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு மரம் அவ்வளவு முக்கியம்.

சென்னைக்கு இது மட்டும் போதாது. நம் ஊரில் புழுக்கம். காற்று அடிக்காவிட்டால் வியர்வை காயாது, உடம்பும் குளிராது. கடற்காற்று உள்ளே வர வழிவிட்டுக் கட்டடங்களை அமைக்க வேண்டும். அறைக்கு எதிரெதிர் ஜன்னல் வேண்டும், மேற்குச் சுவருக்கு நிழல் வேண்டும். வீடு கட்ட வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஏசிக்கு எங்கே இடம் விடுவது என்றுதான். ஏசி வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் அது அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில்தான் கொட்டுகிறது. அந்தத் தெருவில்தான் தள்ளுவண்டிக்காரர் நிற்கிறார், துப்புரவுப் பணியாளர் வேலை செய்கிறார்.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. தேவையான உதவிதான். ஆனால் உயிர் போகாமல் காப்பதற்கு அதைவிட மிகக் குறைந்த செலவே ஆகும். அரசுப் பள்ளி, அங்கன்வாடி, குடிசை மாற்றுக் குடியிருப்பு ஆகிய எல்லாக் கூரைகளுக்கும் பங்குனிக்குள் வெள்ளையடிக்க உள்ளாட்சிகள் முன்வர வேண்டும். வேம்பையும் புங்கையையும் நட்டால் மட்டும் போதாது. அடிமரம் வரை சிமென்ட் பூசாமல் விட வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.