நாவல் எழுத வேலையை விடலாமா? ஒரு ஆடிட்டர் கணக்கு

"சார், ஒரு நாவல் பாதியில நிக்குது. வேலையை விட்டுட்டு ஆறு மாசம் உட்கார்ந்து முடிச்சிடலாமா?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. உங்க எழுத்து நல்லா இருக்கான்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா கணக்கு போட்டுக் காட்ட முடியும்.

முதல்ல ஒரு பழைய ஆளைப் பார்ப்போம். ஆன்டனி டிரோலோப், 47 நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர். பிரிட்டிஷ் தபால் துறையில முழுநேர ஊழியர். 1852ல் சேனல் தீவுகள்ல தெருவோரத் தபால் பெட்டி வந்ததுக்கே இவர்தான் காரணம். தினமும் காலை 5:30க்கு மேஜையில உட்கார்ந்துடுவார். கடிகாரத்தை முன்னாடி வச்சுக்கிட்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. தன்னை எழுப்பிவிட ஒரு வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம் வேற!

எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் இன்னொன்னு. சுயசரிதையில ஒவ்வொரு புத்தகமும் எவ்வளவு சம்பாதிச்சதுன்னு பட்டியலே போட்டிருக்கார். மொத்தம் 68,939 பவுண்டு, 17 ஷில்லிங், 5 பென்ஸ். முதல் நாவல் வந்தது 1847ல. வேலையை விட்டது 1867ல. நடுவுல 20 வருஷம். 60 வயசு வரைக்கும் இருந்தா என்ன பென்ஷன் வருமோ, அதே அளவு வருமானம் தர்ற சேமிப்பு சேர்ந்த பிறகுதான் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அப்போ அவருக்கு வயசு 52.

இப்போ உங்க கணக்குக்கு வருவோம். பதிப்பாளர் மூலமா புத்தகம் வருது, விலை ₹250, ராயல்டி 10%ன்னு வச்சுக்குங்க. ஒரு பிரதிக்கு ₹25. 500 பிரதி வித்தா ₹12,500. உங்க ஒரு மாச வாடகைகூட வராம போகலாம்.

"அப்போ நானே போட்டுடறேன்"னு தோணும். அதையும் பார்ப்போம். 300 பிரதி, அச்சுக்கு பிரதிக்கு ₹100, ஆக ₹30,000. அட்டை, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு எல்லாம் ₹15,000. மொத்தம் ₹45,000. கடைக்கும் விநியோகத்துக்கும் 40% கழிவு போனா கையில நிக்கிறது ₹150. அதாவது 300 பிரதியும் வித்தாதான் போட்ட காசு திரும்பும். நீங்களே 10% தள்ளுபடியில நேரடியா வித்தா பிரதிக்கு ₹225, அப்போ 200 பிரதியில அசல் வந்துடும். கூரியர் செலவு தனி. இது என் உதாரணக் கணக்குதான். உங்க அச்சகத்துல கொட்டேஷன் வாங்கி இந்த எண்களை மாத்திப் போட்டுப் பாருங்க. கிரெடிட் கார்டு ஈஎம்ஐ-ல மட்டும் புத்தகம் போடாதீங்க, ப்ளீஸ். "ஐஎஸ்பிஎன் வாங்கித் தர்றோம்"னு பேக்கேஜ்ல பெருசா காட்டுவாங்க. இந்தியாவுல ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையோட இணையதளத்துல நீங்களே விண்ணப்பிக்கலாம்.

காசு குறைவா வந்தாலும் பரவாயில்ல, உரிமையை விட்டுடாதீங்க. காப்புரிமை நீங்க எழுதின உடனே உங்களுக்கு வந்துடும், பதிவு கட்டாயம் இல்ல. உங்க ஆயுள் முழுக்கவும், அதுக்கு அப்புறம் 60 வருஷமும் இருக்கும். அதனால ஒப்பந்தத்துல "எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்"னு ஒரு வரி இருந்தா, பேனாவை கீழே வச்சுடுங்க. 1957 காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்துல இருக்கணும். காலம் சொல்லலைன்னா 5 வருஷம், எல்லை சொல்லலைன்னா இந்தியா மட்டும்னு சட்டம் எடுத்துக்கும். அச்சு, மின்னூல், ஆடியோ, மொழிபெயர்ப்பு, சினிமா இதெல்லாம் தனித்தனி உரிமைகள். அச்சுக்கு வர்றவர்கிட்ட அச்சை மட்டும் கொடுங்க.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிக்கிறதில்ல. வேலையின் பகுதியா எழுதினது, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, கம்பெனிக்குத்தான் சொந்தம். உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளி வேலை பத்தி என்ன இருக்குன்னு இன்னைக்கே எடுத்துப் படிங்க. நாவலை ஆபீஸ் லேப்டாப்ல எழுதாதீங்க.

வரிக்கு வர்றேன். எழுத்தாளர் ராயல்டிக்கு ₹3 லட்சம் வரை கழிவு உண்டு. 1961 சட்டத்துல இது 80கியூகியூபி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்ததால பிரிவு எண் மாறிடுச்சு. பாடப்புத்தகம், கைடு எல்லாம் இதுல வராது. மொத்தப் பணமா வாங்காத பட்சத்துல, விற்பனை மதிப்புல 15%க்கு மேல வர்ற ராயல்டிக்கு கழிவு கிடையாது. பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான் இந்தக் கழிவு. ₹12,500 ராயல்டிக்காக பழைய முறைக்குப் போறது, என்னைக் கேட்டா வேண்டாத வேலை. ராயல்டி வருஷத்துக்கு ₹50,000 தாண்டினா பதிப்பாளர் 10% டிடிஎஸ் பிடிக்கலாம், ரிட்டர்ன்ல அதைக் கணக்குல எடுத்துக்கலாம்.

நீங்களே அச்சடிச்சு வித்தா அது ராயல்டி இல்ல, பிசினஸ் வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது. சம்பளக்காரங்க மாதிரி வருஷா வருஷம் பழைய முறை, புதிய முறைன்னு மாத்திக்கிற வசதியும் போயிடும். சின்ன லாபம்தானேன்னு விட்டுடாதீங்க.

சரி, வேலையை எப்போ விடலாம்? டிரோலோப் போட்ட கணக்கையே போடுங்க. வேலையோட சேர்ந்து போறது சம்பளம் மட்டும் இல்ல. கம்பெனி போடுற பிஎஃப் பங்கு, 5 வருஷம் முடியாம விட்டா கிராஜுவிட்டி, அப்பா அம்மாவையும் சேர்த்திருக்கிற குரூப் மெடிக்கல் பாலிசி. இதையெல்லாம் மாசக் கணக்கா மாத்தி எழுதுங்க. அந்தத் தொகையை உங்க சேமிப்பு கொடுக்க ஆரம்பிக்கிற வரைக்கும் தினம் காலையில 300 வார்த்தை போதும். 100 நாள்ல 30,000 வார்த்தை, ஒரு குறுநாவல் கையில இருக்கும். தூக்கத்தைக் குறைச்சு எழுதாதீங்க, ராத்திரி ரீல்ஸ் பார்க்கிற அரை மணி நேரத்தைக் குறைச்சுக்குங்க.

கிண்டில்ல போடறவங்களுக்கு ஒண்ணு: அமேசான் கேடிபி-ல வரி இன்டர்வியூ பகுதியில பான் எண்ணைச் சரியா கொடுங்க. கொடுத்தா அமெரிக்க விற்பனை ராயல்டிக்கு ஒப்பந்தப்படி 15% பிடிப்பாங்க, இல்லைன்னா 30%. அந்தப் படிவத்தை வரி வரியா நிரப்பிக் காட்டுற வீடியோவை நம்ம சேனல்ல போடறேன்.