அக்காமா இல்லாத நாயகர்கள்

சைபர்பங்க் ரோல்பிளே ஆட்டத்துக்குத் திரையோ கன்சோலோ தேவையில்லை. ஒரு மேசை, நாலைந்து பேர், சில பகடைகள், ஆளுக்கொரு தாள் இருந்தால் போதும். தாளில் எழுதிவைத்த பாத்திரமாக ஒவ்வொருவரும் பேசுவார்கள். ஊர், எதிரிகள், காவலர், கடைக்காரர் எல்லாம் கேம் மாஸ்டர் என்ற ஒருவரின் பொறுப்பு. அமெரிக்கரான மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் தன் ஆர். டல்சோரியன் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட 'சைபர்பங்க்' இந்த வகைக்கு அடித்தளம் போட்டது. 1990இல் அதன் இரண்டாம் பதிப்பான 'சைபர்பங்க் 2020' வந்தது. 2020 டிசம்பரில் வெளியான 'சைபர்பங்க் 2077' வீடியோ கேம் இந்த மேசை ஆட்டத்திலிருந்து பிறந்ததுதான். இடையில் 1989இல் வந்த 'ஷேடோரன்' இதே வகை உலகத்தில் மந்திரத்தையும் கலந்துவிட்டது.

ஆட்டத்தின் போக்கு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பாத்திரங்களிடம் காசு இருக்காது. வாடகை பாக்கி இருக்கும். ஃபிக்ஸர் என்ற இடைத்தரகர் ஒரு வேலை கொண்டுவருவார். வேலை கொடுப்பவர் யார் என்பது அவருக்கு மட்டும் தெரியும், சமயத்தில் அவருக்கும் தெரியாது. கம்பெனிகள் அரசைவிடப் பெரியவை. பிழைக்க வேண்டுமென்றால் உடம்பிலேயே கருவி பொருத்திக்கொள்ள வேண்டும். பொருத்தப்படும் ஒவ்வொரு கருவிக்கும் பாத்திரத்தின் மனிதத்தன்மையில் சில புள்ளிகள் கழியும். அது தீர்ந்துவிட்டால் அந்தப் பாத்திரம் ஆடுபவரின் கையைவிட்டுப் போய் கேம் மாஸ்டரின் வசமாகிவிடும். இந்த விதியில்தான் மொத்த ஆட்டத்தின் சோகமும் அடங்கியிருக்கிறது. நியான் விளக்கும் மழையும் மேல்பூச்சு.

குவைத்தின் அப்பாசியாவில் குடியிருப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல அதிக நேரம் ஆகாது. ஃபர்வானியா மாகாணத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜிலீப் அல் ஷுயூக்கின் ஒரு பகுதியே அப்பாசியா என்று அழைக்கப்படுகிறது. மலையாளிகள் நிறைந்த இடம்; தமிழர், தெலுங்கர், வங்கதேசத்தவர், எகிப்தியர் என்று பலரும் அங்கே உண்டு. இந்தியப் பள்ளிகள், மெஸ்கள், பக்காலா என்ற மளிகைக் கடைகள், ஓர் அறையைப் பலர் பகிரும் பெட் ஸ்பேஸ்கள் என்று நெருக்கியடித்துக் கிடக்கும் இந்த வட்டாரத்தில் ஒருவர் யார் என்பதை முடிவுசெய்வது பத்தாக்கா என்ற அடையாள அட்டை. அக்காமா என்ற வசிப்பு அனுமதி, கஃபீல் என்ற ஸ்பான்சரின் கையில். கஃபீலுக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடுவில் காரியத்தை முடித்துக்கொடுப்பவர் மந்தூப். காசு கொடுத்து 'ஃப்ரீ விசா' வாங்கி வந்தவர் காகிதத்தில் ஓரிடத்திலும் நிஜத்தில் வேறிடத்திலும் வேலை பார்க்கிறார். காகிதமே இல்லாமல் போனவரைக் 'கல்லிவல்லி' என்பார்கள். பாண்ட்ஸ்மித்தின் விதிப்புத்தகத்தில் இவர்கள் எல்லோருக்கும் வேறு பெயர்களில் இடம் உண்டு.

தொழில்நுட்பமும் பின்தங்கியில்லை. குடிமக்கள், வெளிநாட்டவர், சுற்றுலா வருபவர் என எல்லோரும் மரபணு மாதிரி தர வேண்டும் என்று குவைத் 2015இல் சட்டம் போட்டது. அரசியல் சாசன நீதிமன்றம் 2017இல் அதை ரத்துசெய்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக ஜிலீப் முழுவதும் பல வாரங்கள் அடைத்துவைக்கப்பட்டது. அந்த ஆண்டில் தனிமையில் வைக்கப்பட்டவர்களைக் கண்காணிக்க 'ஷ்லோனிக்' செயலியும் அதனுடன் இணைந்த கைப்பட்டையும் வந்தன; உலகில் தனியுரிமையை மிக மோசமாக மீறும் செயலிகளில் ஒன்று என்று ஆம்னெஸ்டி அதைக் குறிப்பிட்டது. அடுத்து, விரல் ரேகையும் முகமும் கண்ணும் பதிவுசெய்ய வெளிநாட்டவருக்கு 2024 டிசம்பர் 31 வரை கெடு கொடுக்கப்பட்டது. பதியாதவருக்கு வங்கிச் சேவை நின்றுபோகும் என்று எச்சரிக்கப்பட்டது.

ஆகவே, இந்த ஆட்டத்தின் ருசி எந்த நாவலில், எந்தப் படத்தில் இருக்கிறது என்று வளைகுடாவிலிருந்து தேடுபவருக்கு அளவுகோல் கையிலேயே இருக்கிறது. கோபுரத்தைக் காட்டும் கதைகளைத் தள்ளிவைத்துவிடலாம். 'மிஷன் இம்பாசிபிள்: கோஸ்ட் புரோட்டோகால்' 2011இல் புர்ஜ் கலீஃபாவின் கண்ணாடியில் ஏறியது, 2016இல் வந்த 'ஸ்டார் ட்ரெக் பியாண்ட்' துபாயை விண்வெளி நகரமாக்கியது. இரண்டிலும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவர் யாரும் கதைக்குள் வருவதில்லை. சந்திலிருந்து சொல்லப்படும் கதைகளில்தான் ஆட்டம் இருக்கிறது.

ஆட்டம் பிறந்த இடத்திலிருந்து தொடங்கலாம். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' (1982) நகரத்தின் தோற்றத்தைக் கொடுத்தது. வில்லியம் கிப்சனின் 'நியூரோமேன்சர்' (1984) வலைக்குள் புகுந்து திருடுபவனைக் கொடுத்தது. அதன் நாயகன் கேஸ் பழைய முதலாளிகளிடம் திருடி மாட்டிக்கொண்டு, நரம்பு மண்டலம் சிதைக்கப்பட்டு ஜப்பானின் சிபா நகரில் அலைபவன். இந்த வகையின் தலைநூல் என்று எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் பாண்ட்ஸ்மித்தின் ஆட்டத்துக்கு உடனடித் தூண்டுதல் வால்டர் ஜான் வில்லியம்ஸ் எழுதிய 'ஹார்ட்வயர்டு' (1986). சுற்றுப்பாதையில் இருக்கும் கம்பெனிகள் பூமியைப் போரில் வென்றுவிட்ட உலகம் அது. மிதவைக் கவச வண்டியைத் தன் நரம்போடு இணைத்து ஓட்டும் கடத்தல்காரன் கௌபாய், கூலிக்குக் கொலை செய்யும் சாரா என்று இரண்டு பேர். ஆளுக்கொரு திறமை, ஆளுக்கொரு கடன், சேர்ந்தால் ஒழியப் பிழைக்க முடியாது. மேசையில் நாலு பேர் உட்கார்ந்ததும் உருவாகும் நிலைமை அச்சாக இதுதான். 1989இல் வில்லியம்ஸே இந்த நாவலை ஆட்டத்துக்கான துணைநூலாக மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று அதிகாரிகள் நம்பவில்லை என்பது ஒரு கிளைக்கதை. 1990 மார்ச் 1 அன்று அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ், ஆஸ்டின் நகரின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தில் சோதனை நடத்தி, அச்சுக்குப் போகவிருந்த சைபர்பங்க் ஆட்ட நூலின் கோப்புகளை அள்ளிக்கொண்டு போனது. வழக்குப் போட்ட நிறுவனம் 1993இல் வென்றது.

நீல் ஸ்டீபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' (1992) பாதி கேலியாக எழுதப்பட்டது என்றாலும் அப்பாசியாவின் வாசலுக்கு மிக அருகில் வருகிறது. அதன் நாயகன் மாஃபியா நடத்தும் கடையில் பீட்சா டெலிவரி செய்பவன். அரைமணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் வேலை மட்டும் போகும் என்று சொல்ல முடியாது. சாமான் போட்டுவைக்கும் கிடங்கு அறை ஒன்றை இன்னொருவருடன் பகிர்ந்து வசிக்கிறான். மெய்நிகர் உலகில் மட்டும் வாள்வீரன், ராஜா. தலாபாத் என்ற உணவு டெலிவரி நிறுவனம் 2004இல் குவைத்தில்தான் தொடங்கப்பட்டது. அதன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பைக்கில் சுற்றுபவர்கள் இரவில் பெட் ஸ்பேஸ் கட்டிலில் படுத்து பப்ஜி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நாவலில் கற்பனையின் பங்கு குறைவாகவே தெரியும்.

அரபு நகரத்தையே களமாக்கிய சைபர்பங்க் நாவல் ஜார்ஜ் அலெக் எஃபிங்கரின் 'வென் கிராவிட்டி ஃபெயில்ஸ்'. 1980களின் நடுவில் எழுதப்பட்டு, 'எ ஃபயர் இன் த சன்' (1989), 'தி எக்சைல் கிஸ்' (1991) என்று மூன்று நாவல்களாக வளர்ந்தது. பெயர் சொல்லப்படாத ஓர் இஸ்லாமிய நகரம். அதற்குள் புதாயீன் என்ற மதில் சூழ்ந்த பேட்டை. அல்ஜீரியாவிலிருந்து வந்த மாரித் ஆட்ரான் அங்கே சின்னச் சின்னக் காரியங்களை முடித்துக்கொடுத்துப் பிழைக்கிறான். ஊரில் எல்லோரும் மண்டையில் துளையிட்டுச் செருகி வைத்திருக்கிறார்கள். 'மாடி' என்ற சில்லைச் செருகினால் வேறு ஆளாகவே மாறிவிடலாம். 'டாடி' என்பதைச் செருகினால் தெரியாத மொழி தெரியும், பசியும் களைப்பும் தெரியாது. மாரித் மட்டும் தன் மண்டையைத் தொட விடமாட்டேன் என்கிறான். பிறகு தொடர்கொலைகள் நடக்க, பேட்டையின் பெரியவர் ஃப்ரீட்லாண்டர் பேயின் கட்டளையால் அவன் மண்டையும் திறக்கப்படுகிறது.

எஃபிங்கரின் பலம் அடுத்து நடப்பதில் இருக்கிறது. பெரியவர் மாரித்தை அடிப்பதில்லை, தயவு செய்கிறார். இரண்டாம் நாவலில் அவனுக்குப் பரிசாக ஒரு மதுக்கூடத்தையே வாங்கித் தருகிறார். அது அவனுடைய நெடுநாள் தோழி சிரியுடையது. உபகாரத்தால் ஒருவனைக் கட்டிப்போடும் இந்தக் கலையைக் கஃபீலின் நிழலில் வாழ்ந்த எவரும் அடையாளம் காண்பார்கள். மூன்றாவதில் மாரித்தும் பெரியவரும் ரூப் அல் காலி பாலைவனத்தில் சாகும்படி விடப்பட்டு பெதுக்களால் காப்பாற்றப்படுகிறார்கள். டல்சோரியன் நிறுவனம் 1992இல் இந்த உலகத்தை மேசை ஆட்டத்துக்கான துணைநூலாக வெளியிட்டது. அதற்கு முன்பே 1990இல் 'சர்க்யூட்ஸ் எட்ஜ்' என்ற கணினி ஆட்டமும் வந்திருந்தது.

குறையும் உண்டு. எஃபிங்கர் வாழ்ந்தது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில். புதாயீனுக்கு அந்த ஊரின் பிரெஞ்சு குவார்ட்டர்தான் மாதிரி. அதனால் அவருடைய நகரத்தில் தொழுகை அழைப்பும் உபசார வார்த்தைகளும் இருந்தும், கட்டடம் கட்டும் தெற்காசியத் தொழிலாளி கதையின் நடுவுக்கு வருவதே இல்லை. அவர் வாழ்க்கை மட்டும் இந்த வகைக் கதைபோலவே போனது: நோயும் மருத்துவக் கடனும் அவரைத் திவாலாக்கின, தான் படைத்த பாத்திரங்களின் உரிமையே கடன்காரர் கைக்குப் போகக்கூடிய நிலை வந்தது. 2002இல் இறந்தார்.

விடுபட்ட அந்த ஆளை ஜி. வில்லோ வில்சனின் 'அலிஃப் தி அன்சீன்' (2012) உள்ளே கொண்டுவருகிறது. பெயரற்ற ஒரு வளைகுடா அமீரகம். அதில் பழைய நகரமும் அல்லாத புதிய நகரமும் அல்லாத பக்காரா என்ற குடியேறிகளின் வட்டாரம். நாயகன் அலிஃபின் தகப்பன் அரபி, தாய் இந்தியப் பெண், இரண்டாம் மனைவி. தகப்பன் பெரும்பாலும் வீட்டுக்கு வருவதில்லை. அரசின் தணிக்கையிலிருந்து யாரை வேண்டுமானாலும் மறைத்துவைப்பது அலிஃபின் தொழில். காதலி கைவிட்டதும், அவள் தட்டச்சு செய்யும் முறையை வைத்தே எந்தக் கணினியிலும் அவளை அடையாளம் காணும் நிரல் ஒன்றை எழுதுகிறான். அது உளவுத்துறைத் தலைவனின் கையில் சிக்குகிறது. பிறகு கதைக்குள் ஜின்கள் நுழைகின்றன. 'ஷேடோரன்' ஆடியவர்களுக்கு இந்தக் கலவை பழக்கமானதுதான், ஆனால் இங்கே மந்திரம் ஒட்டவைத்ததாகத் தெரியாமல் அந்த மண்ணின் நம்பிக்கையாகவே வருகிறது. 2013இல் உலகக் கனவுப்புனைவு விருது பெற்ற நாவல் இது.

படங்களில் முதலில் வைக்க வேண்டியது மைக்கேல் விண்டர்பாட்டத்தின் 'கோட் 46' (2003). ஷாங்காய், துபாய், ராஜஸ்தான் ஆகிய இடங்களில் எடுக்கப்பட்டது. அரங்கம் கட்டவில்லை, இருக்கும் சாலைகளையும் பாலைவனத்தையும் கோணம் மாற்றிக் காட்டியே எதிர்காலத்தைக் கொண்டுவந்துவிட்டார். பாப்பெல் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நகரத்துக்குள் நுழையவோ பயணிக்கவோ முடியாது. இல்லாதவர்கள் வெளியே பாலைவனத்தில். சீட்டு அச்சாகும் இடத்தில் வேலை பார்க்கும் மரியா, மறுக்கப்பட்டவர்களுக்காகச் சீட்டுகளைத் திருடிக் கொடுக்கிறாள். அவளைப் பிடிக்க வரும் விசாரணையாளர் அவளைக் காதலிக்கிறார். காகிதம் கேட்காத இடம் தேடி இருவரும் ஓடிச் சேர்வது துபாயின் ஜெபல் அலியில். படத்தில் எல்லோரும் ஆங்கிலத்துக்குள் அரபியும் ஸ்பானிஷும் சீனமும் கலந்து பேசுகிறார்கள். வளைகுடாவில் எந்தக் கடை வாசலிலும் அரபியும் இந்தியும் மலையாளமும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன. சண்டைக்காட்சி இல்லை என்பதால் ஆட்டக்காரர்கள் பலர் இந்தப் படத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தவறு அவர்களுடையது.

அலெக்ஸ் ரிவேராவின் 'ஸ்லீப் டீலர்' (2008) இன்னும் கூர்மையானது. எல்லை மூடப்பட்டுவிட்டது. மெக்சிகோ இளைஞன் மெமோ கைகளிலும் முதுகிலும் துளையிட்டு வயர் செருகிக்கொண்டு, டிஹுவானாவில் நின்றபடியே அமெரிக்காவில் கட்டடம் கட்டும் ரோபோவை இயக்குகிறான். உழைப்பு மட்டும் எல்லை தாண்டுகிறது, ஆள் தாண்டுவதில்லை. துளை போட்டுவிடத் தனித் தரகர்கள் இருக்கிறார்கள். கேத்ரின் பிகலோவின் 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' (1995) தரகனையே நாயகனாக்கியது. பிறருடைய அனுபவங்களைப் பதிவாக விற்கும் அவன் ஃபிக்ஸர் பாத்திரம் ஆடுபவருக்கு நல்ல பாடம்.

அபுதாபியில் வளர்ந்த தீபக் உண்ணிகிருஷ்ணனின் 'டெம்பரரி பீப்பிள்' (2017) சைபர்பங்க் என்ற பெயரில் வந்ததில்லை. ஆனாலும் வளைகுடாத் தொழிலாளியின் உடம்பைப் பற்றி இந்த வகையில் எழுதப்பட்ட எதையும்விட இது ஆழமாகப் போகிறது. அதில் ஒரு விஞ்ஞானி, குறிப்பிட்ட ஆயுள் கொண்ட தொழிலாளர்களை நிலத்தில் பயிர்செய்து எடுக்கிறார். ஒருவன் பாஸ்போர்ட்டாகவே மாறுகிறான், இன்னொருவன் சூட்கேஸாகிறான். கட்டடத்திலிருந்து விழுந்தவர்களின் சிதறிய உறுப்புகளை ஒரு பெண் இரவில் ஒட்டிவைத்துவிட்டுப் போகிறாள். தி இந்து நாளிதழின் 2017ஆம் ஆண்டுப் புனைவுப் பரிசு இதற்குக் கிடைத்தது.

தமிழில் இந்த வரிசையின் முன்னோடி, ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அதன் உலகில் பெயர்கூட இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது, எப்போது சாக வேண்டும் என்பதையும் அரசே சொல்லும். கணவன் சிபி காணாமல் போனதும் நிலா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பகுதிகள், ஜீனோ என்ற இயந்திர நாயின் புகழால் மறைந்துவிட்டன. சைபர்பங்க்குக்கு நெருக்கமானவை அந்தப் பகுதிகளே. பி.எஸ். மித்ரனின் 'இரும்புத்திரை' (2018) படத்தின் முதல் பாதியும் அப்படித்தான். வெளிநாடு போகத் துடிக்கும் ராணுவ அதிகாரி, தங்கை கல்யாணத்துக்காகத் தரகர் மூலம் பொய் ஆவணம் கொடுத்துக் கடன் வாங்குகிறான். பணம் கணக்கிலிருந்து மாயமாகிறது. இரண்டாம் பாதியில் வில்லன் பெரிதானதும் அந்தச் சுவை குறைந்துவிடுகிறது. தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழிலும் வந்த 'கல்கி 2898 ஏ.டி.' (2024) புராணத்தை நோக்கிப் போவதற்கு முன், காசியின் புழுதியில் நின்று, தலைக்கு மேலே மிதக்கும் காம்ப்ளெக்ஸுக்குள் நுழையப் பத்து லட்சம் யூனிட் சேர்க்கும் கூலிவேட்டைக்காரன் பைரவனைக் காட்டுகிறது. வீட்டு வாடகை பாக்கி வைத்திருக்கும் அவனை அப்படியே தூக்கி எந்த ஆட்ட மேசையிலும் உட்காரவைக்கலாம்.