வாரம் ஒன்றா, நாள் ஒன்றா?

நான் டாக்டர் அல்ல. செம்பூரில் குடும்பம் நடத்தும் இல்லத்தரசி. எங்கள் வீட்டில் நடந்த தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது வருடம் தாராவியில் குடியிருந்தவர். பகலிலும் விளக்குப் போட வேண்டிய கோலி. எங்களோடு வந்து சேர்ந்தபோது, மனையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பிலும் தொடையிலும் வலி, மாடிப்படி ஏறினால் கால் தளர்ச்சி. வயதாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். டாக்டர்தான் இரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் டி 8 நானோகிராம்! 20க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்பது பொதுவான கணக்கு.

மும்பையில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நமக்குப் பக்கத்திலிருக்கும் நாசிக்கிலேயே ஹட்சிசன், ஷா என்ற இருவர் இதை ஆராய்ந்து 1922இல் எழுதியிருக்கிறார்கள். எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய், நன்றாகச் சாப்பிட்டு பர்தாவுக்குள் வாழ்ந்த வசதியான குடும்பங்களில் இருந்தது; வெளியில் வேலை செய்த ஏழைகளிடம் காணப்படவில்லை. ஊரில் வெயில் அடித்தால் போதாது, தோலில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் உதவாது. விடியற்காலை வெயிலும் அப்படித்தான். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் ஆறு மணிக்கு நடக்கும் மாமிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த நடை இதயத்துக்கு நல்லது, இதற்குப் பயன் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் சரியான நேரம்.

சாப்பாட்டில் கிடைப்பது கொஞ்சம்தான். மத்தி, அயிலை போன்ற மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் சிறிது உண்டு. சைவர்களுக்கு அதுவும் இல்லை.

டாக்டர் எழுதியது 60,000 யூனிட் பொடிப் பாக்கெட். வாரம் ஒன்று, எட்டு வாரம். சீட்டில் இருந்ததோ ஆங்கிலம். அந்தச் சமயம் மகளின் பிரசவத்துக்காக நான் கோவை போய்விட்டேன். அத்தையோ, "சத்துப் பொடிதானே" என்று தினமும் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார். தீரத் தீர அதே சீட்டைக் காட்டி வாங்கியிருக்கிறார். கடையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பினேன். பசி இல்லை, வாந்தி, மலச்சிக்கல், எத்தனை தண்ணீர் குடித்தாலும் தீராத தாகம். மறுநாள் என்னைப் பார்த்து, "நீ யாரு தாயி?" என்று கேட்டார். அந்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். இரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, சலைன் ஏற்றினார்கள். பொடியும் கால்சியம் மாத்திரையும் உடனே நிறுத்தப்பட்டன. வைட்டமின் டி கொழுப்பில் தங்குவதால் உடம்பைவிட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு நாளுக்கு 600 யூனிட். அதன்படி ஒரு பாக்கெட் நூறு நாளுக்கான அளவு! அத்தை பதினோரு வருடத்துக்கு மேலான அளவை ஆறு வாரத்தில் குடித்திருக்கிறார். வாரம் ஒன்று என்பதே டாக்டர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் தரும் சிகிச்சை. ஒரே ஊசியில் முடித்துவிடலாம் என்று கேட்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அவர்கள் கீழே விழுந்ததும் எலும்பு முறிந்ததும் அதிகமாயிற்றாம்!

சிறுநீரகக் கல், டி.பி. உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வலி எதுவும் இல்லாதவர்கள் "எதற்கும் பார்த்து வைப்போம்" என்று இந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதே இப்போது நிபுணர்களின் கருத்து.

ஏழு மாதம் கழித்து எல்லா அளவும் சரியாகி, வெயிலுக்கு டாக்டர் அனுமதி தந்தார். இப்போது பதினொன்றரை மணிக்கு மொட்டை மாடியில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறேன். "ஏ தாயி, வத்தலோட சேத்து என்னையும் காயப் போடுதியே" என்கிறார் அத்தை.