சேரையும் எண்ணுங்க... சில்லறையையும் எண்ணுங்க!

தெருமுனை டீக்கடையில் நாலு இளைஞர்கள் தொடர்ந்து நாலு நாள் டீ குடித்தால், ஐந்தாம் நாள் ஒரு சங்கம் உதயமாகிவிடும். ஒருவர் தலைவர். ஒருவர் செயலாளர். ஒருவர் பொருளாளர். நாலாவது ஆள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று அவருக்கு 'கௌரவ ஆலோசகர்' பதவி. சங்கத்தில் உறுப்பினர்தான் ஒருத்தரும் இல்லை!

கிண்டல் இருக்கட்டும். இந்த நாலு பேரும் தங்கமான பையன்கள். தெருவில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற இடம். மழை வந்தால் கூரை ஒழுகுகிறது. சரி செய்ய நாற்பதாயிரம் ரூபாய் ஆகும்.

"பேசாம ஒரு ஃபங்ஷன் நடத்தி வசூல் பண்ணிடலாம் மாப்ளே!" என்பார் தலைவர்.

அங்கேதான் கதை ஆரம்பம். பாட்டுக் கச்சேரிக்கு ஆள் பேசியாகிவிடும். நோட்டீஸில் யார் பெயர் மேலே என்று ரெண்டு நாள் சண்டை நடந்து முடிந்திருக்கும். முதல் நாள் ராத்திரிதான் யாருக்கோ ஞாபகம் வரும். "ஆமா, பந்தலுக்கு யாருப்பா சொன்னது?"

இப்படிப்பட்ட விழாவில் ரெண்டே ரெண்டு விஷயம்தான் முக்கியம். ஒன்று, வாடகைக்கு எடுக்கிற பொருள். இன்னொன்று, ஜனங்கள் கொடுக்கிற பணம். ரெண்டுமே நம்முடையது இல்லை. இதை மறந்த சங்கம் அடுத்த வருஷம் டீக்கடையில்கூட கூட முடியாது.

பந்தல்காரரிடம் பேசுவது ஒரு கலை

"அண்ணே, ஷாமியானா, முன்னூறு சேர், ஒரு மைக் செட்டு. எவ்வளவு ஆகும்?"

"நம்ம தம்பிங்க... பார்த்துப் போட்டுக் குடுங்க!"

உலகத்திலேயே ஆபத்தான வாக்கியம் இந்த 'பார்த்துப் போட்டுக் குடுங்க'தான். விழா முடிந்ததும் ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, வேன் வாடகை, உடைந்த சேர் ஒன்பது, காணாமல் போன சேர் பதினொன்று என்று ஒரு சீட்டு வரும். அதைப் பார்த்துவிட்டுப் பொருளாளர் பேச்சு மூச்சில்லாமல் உட்காருவார்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குங்கள். என்னென்ன பொருள், எத்தனை, எத்தனை மணிக்கு வரும், எப்போது திரும்ப எடுப்பார்கள், கூலி சேர்த்தா, சேர்க்காமலா... எல்லாம் அதில் இருக்க வேண்டும். முக்கியமாக, ஒரு சேர் உடைந்தால் எவ்வளவு, தொலைந்தால் எவ்வளவு? பத்து ரூபாய் வாடகைச் சேருக்குத் தொலைந்தபின் விலை கேட்டால், அவர் சொல்வதுதான் விலை.

சேர் வந்து இறங்கியதும் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுங்கள். கால் விரிந்தது, முதுகு கீறியது எல்லாவற்றையும் அப்போதே செல்போனில் படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். விரிசல் விட்ட பிளாஸ்டிக் சேரில் உட்காரப் போகிறவர் யார்? எப்போதும் தெருவிலேயே கனமான மாமாதான். அவர்தான் அதிகமாக நன்கொடை கொடுத்தவராகவும் இருப்பார்!

சிரிக்க முடியாத சமாச்சாரம்

பந்தல் என்பது நிழலுக்குப் போடுகிற துணிதானே என்று நினைக்காதீர்கள்.

1995 டிசம்பர் 23. ஹரியானா மாநிலம் டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா. செயற்கை இழைத் துணியால் போட்ட ஷாமியானா தீப்பிடித்தது. கொஞ்ச நேரத்துக்குள் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தல் எரிந்தபோது, மணமகனையும் சேர்த்து 50 பேருக்கு மேல் மாண்டார்கள்.

மூன்றுமே நல்ல காரியத்துக்காகப் போட்ட பந்தல்கள்.

தற்காலிகப் பந்தல்களில் தீ வராமல் தடுப்பதற்கென்றே ஐ.எஸ். 8758 என்று இந்தியத் தர விதி ஒன்று இருக்கிறது. நம்ம சங்கத்துக்கு அதன் சாரம் போதும். மின்கம்பிக்குக் கீழே பந்தல் போடாதே. பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போடு. கூரை 3 மீட்டர் உயரமாவது இருக்கட்டும். செயற்கை இழைத் துணியும் கயிறும் வேண்டாம்.

பந்தல்காரரிடம் "பருத்தித் துணியா, நைலானா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நைலான், பாலியெஸ்டர் வகைத் துணி எரியும்போது உருகிச் சொட்டும். தலையில் விழுந்தால் உதற முடியாது. பருத்தியும் எரியத்தான் செய்யும். ஆனாலும் உருகி ஒட்டாது.

அடுத்து வாசல். மேடை ஒரு கோடியில், வாசல் ஒன்றே ஒன்று மறு கோடியில், நடுவில் முன்னூறு சேர் என்று அடைத்து வைக்காதீர்கள். எதிரெதிரே ரெண்டு வழியாவது வேண்டும். நடுவில் ஒரு பாதை விட வேண்டும். 'அழகுக்காக' நாலு பக்கமும் சீலை கட்டி மூடாதீர்கள். வாசலை மறித்து பைக் நிறுத்துகிறவரை, அவர் தலைவருடைய மச்சானாகவே இருந்தாலும், எழுப்பி விடுங்கள். ஆளுக்கு ஒரு மூலையாக மணல் வாளியும் தண்ணீர் வாளியும், மின்சாரத் தீக்கு ஏற்ற தீயணைப்பான் ஒன்றும் தயாராக இருக்கட்டும். மின்சாரத்தில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது வாளி பிடிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பந்தல் கயிற்றைப் பக்கத்து வீட்டு கேட்டிலும் நிற்கிற பைக்கிலும் கட்டாதீர்கள். அவர் காலையில் ஆபீசுக்குக் கிளம்பினால் பந்தலும் கூடவே கிளம்பும்!

கொக்கி போடாதே, கண்ணா

"எதிர்த்தாப்ல போஸ்ட் இருக்கு, ஒரு கொக்கி போட்டா முடிஞ்சது!" என்பார் ஒரு மேதை. அது திருட்டு. 2003 மின்சாரச் சட்டப்படி குற்றம். அதைவிட, போட்டவரையே கொல்லக்கூடிய காரியம். மின்வாரியத்தில் பணம் கட்டினால் தற்காலிக இணைப்பு தருவார்கள். அதை வாங்குங்கள்.

சீரியல் செட் மாட்டுகிறவர் ஒயர் ஜாயின்ட்டில் டேப் சுற்றினாரா என்று பாருங்கள். இரும்புக் கம்பத்திலும் ஈர வாழைமரத்திலும் ஒயரைச் சுற்றவே கூடாது. குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் பல்பு தொங்கக் கூடாது. மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். மின்சாரம் கசிந்தால் சட்டென்று தானே அணைந்து உயிர் காக்கிற சாதனம் அது. அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை உங்கள் கண் எதிரில் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரைப் பந்தலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், எர்த் போட்டு வையுங்கள். ஓடும்போது டீசல் ஊற்றக் கூடாது. வளைவு, கட்-அவுட் வைக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வைக்கட்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை மறந்துவிடக் கூடாது.

மைக் செட்டுக்கும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவே 55 டெசிபல்தான். தெருவை அடைத்துப் பந்தல் என்றால் மாநகராட்சியிலும் போலீஸிலும் முன்கூட்டியே மனு கொடுங்கள். ஆம்புலன்ஸ் நுழைகிற அகலத்துக்கு வழி விடுங்கள்.

அண்டாவுக்குள் எட்டிப் பாருங்கள்

சாப்பாடும் உண்டு என்றால் வாடகைப் பாத்திரக் கடைக்குப் போகத்தான் வேண்டும். பித்தளை அண்டா எடுத்தால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சு போன பித்தளையில் புளி ஊற்றிச் சாம்பார் வைத்தால் களிம்பு ஏறும். வயிற்றைப் புரட்டும். அப்புறம் படிப்பகத்துக்கு வசூல் செய்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். சந்தேகம் இருந்தால் எவர்சில்வர் எடுங்கள்.

கேஸ் சிலிண்டர் பந்தலுக்கு வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து வந்து எங்கேயோ இருக்கிற நெருப்பைத் தேடிப் பிடிக்கும். பிளாஸ்டிக் டம்ளரும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. டம்ளரும் வாடகைக்குக் கிடைக்கிறது. அதையும் எண்ணித்தான் வாங்க வேண்டும்!

501-வது டிக்கெட்

இப்போது பணக் கணக்கு. அடியேன் பி.காம். என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் கை நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு டிக்கெட் 100 ரூபாய். ஒரு சாப்பாட்டுக்கு அடக்கம் 60. மிச்சம் 40. பந்தல், சேர், மைக், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபதாயிரத்தை எடுக்கவே 500 டிக்கெட் விற்க வேண்டும். அதாவது 500-வது டிக்கெட் வரை நாம் உழைப்பது பந்தல்காரருக்காக. படிப்பகத்துப் பிள்ளைகளுக்காக விற்பது 501-வது டிக்கெட்டிலிருந்துதான். நாற்பதாயிரம் சேர இன்னும் 1,000 டிக்கெட் வேண்டும். நம்ம தெருவில் 1,500 பேர் இருக்கிறார்களா? இதை நோட்டீஸ் அடிக்கும் முன்னால் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, கடைத்தெரு முதலாளிகளிடம் முதலில் போங்கள். "பந்தல் உங்க உபயம், மைக் செட் உங்க உபயம்" என்று பெயர் போட்டு, விழாச் செலவை அவர்களிடமே முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் தெரு ஜனங்களிடம் தைரியமாகச் சொல்லலாம். "நீங்க கொடுக்கிற காசில் ஒரு பைசா பந்தலுக்குப் போகாது. சாப்பாட்டுக்கான அடக்கம் போக மிச்சம் அத்தனையும் கூரைக்குத்தான்." இந்த ஒரு வாக்கியம் எந்த நட்சத்திரப் பாடகரையும்விட அதிகமாக வசூல் செய்யும். இப்போது 1,000 டிக்கெட் விற்றாலே கூரை தயார். நேரடி நன்கொடையும் வந்தால் அதற்கும் குறைவாகவே போதும்.

"குலுக்கல் சீட்டு போடலாமா? முதல் பரிசு மிக்ஸி!" என்று ஆலோசகர் ஆரம்பிப்பார். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரியைத் தடை செய்தாகிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்துப் பரிசு குலுக்குவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. வேண்டாம்.

"வருமான வரி விலக்கு உண்டு சார்" என்றும் அடித்து விடாதீர்கள். அதற்கான அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே அப்படிச் சொல்லலாம். டீக்கடைச் சங்கம் சொல்ல முடியாது.

மொய் நோட்டு சொல்லும் பாடம்

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் போனவர்களுக்கு மொய் விருந்து தெரியும். ஆடி மாதம் வந்தால் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். லட்சக்கணக்கில் சேரும். அத்தனை பணம் எப்படி நம்பிக்கையோடு கை மாறுகிறது? அண்டாவில் கொதிக்கிற குழம்பு காரணமில்லை. பந்தலில் மேஜை போட்டு உட்கார்ந்து ஊர் வாரியாகப் பெயர் எழுதுகிற அந்த நோட்டுதான் காரணம். கொடுத்தவன் கண் முன்னால் எழுதுகிறார்கள். பல வருஷம் கழித்தும் அந்த நோட்டு பேசும்.

நம்ம சங்கமும் அதையே செய்யலாம். வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம், அடிக்கட்டையோடு. எந்தப் புத்தகம் யார் கையில் என்று ஒரு பட்டியல். ஜிபே, போன்பே க்யூ.ஆர். அட்டை வைத்தால், அது சங்கத்தின் வங்கிக் கணக்காக இருக்கட்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கு என்றால், அவர் தன் காசில் புது பைக் வாங்கினாலும் தெரு வேறு மாதிரிப் பார்க்கும். உண்டியலை ராத்திரியே ரெண்டு பேர் எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் பெண்கள் பக்கத்திலிருந்து இருந்தால் ரொம்ப நல்லது. காலையில் பணம் பேங்க்கில் இருக்க வேண்டும்.

விழா மறுநாள்தான் முடிகிறது

கச்சேரி முடிந்ததும் தலைவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். செயலாளர் தூங்கப் போயிருப்பார். ஆனால் சேர்கள் அங்கேயே கிடக்கும். வேலை இனிமேல்தான். விளக்கு இருக்கும்போதே பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுங்கள். பக்கத்து வீட்டு வராண்டாவுக்குக் குடிபோன ரெண்டு சேரைக் கேட்டு வாங்குங்கள். கரண்டி, டம்ளர், ஜமக்காளம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிய தாளோடு ஒப்பிட்டு, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு வாரத்துக்குள் படிப்பகத்து வாசலில் ஒரு அட்டை தொங்கட்டும். வரவு இவ்வளவு. உபயம் தந்தவர்கள் இவர்கள். செலவு இவ்வளவு. தொலைந்த சேர் ரெண்டு, அதற்குக் கட்டியது இவ்வளவு, கட்டியது சங்கத்தார் சொந்தக் கையிலிருந்து. கூரைக்கு மீதி இவ்வளவு.

நின்று படிக்கிற பெரியவர் ஒருத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கூட்டல் சரியா என்று பார்ப்பார். பார்க்கட்டும், கோபப்படாதீர்கள். கூட்டல் சரியாக இருந்தால் அடுத்த வருஷம் முதல் ரசீது அவர் பெயரில்தான்!